பிரான்சின் அஸே-லெ-ரீதோ மாளிகைக்குப் போய் வந்தவர்கள் இங்கே எழுதுங்கள்

கரையோரம்:

எல்லாரும் எடுக்கிற அந்தப் போட்டோவைத்தான் நானும் எடுத்தேன். அசையாத தண்ணீர், அதில் தலைகீழாக வெள்ளை மாளிகை, கறுத்த ஸ்லேட் கூரை, மூலைகளில் கூம்புத் தொப்பி போட்ட கோபுரங்கள். எடுத்துவிட்டுத் திரும்பினால் பக்கத்தில் ஓர் ஊர்க்காரம்மா, எழுபதைத் தாண்டியவர், குடையோடு நின்று சிரிக்கிறார். "நல்லா வந்திருக்கா? எனக்கும் இந்தத் தண்ணிக்கும் கிட்டத்தட்ட ஒரே வயசு" என்றார். என் பிரெஞ்சில்தான் கோளாறு என்று நினைத்து மறுபடியும் கேட்டேன். கோளாறு இல்லை. ஏந்த்ர் ஆறு எப்போதும் இங்கே ஓடுகிறதுதான்; ஆனால் சுவரடி வரைக்கும் தண்ணீரை விரித்துக் கண்ணாடி மாதிரி நிறுத்தி வைத்தது 1950-களில். கட்டியவர்கள் இந்தக் காட்சியைப் பார்த்ததே இல்லை.

அதற்கப்புறம் மாளிகையைப் பார்க்கிற கண்ணே மாறிவிட்டது. எது பழசு, எது பிற்பாடு சேர்த்தது என்று தேட ஆரம்பித்தேன். வடக்கு மூலைக் கோபுரமும் 19-ஆம் நூற்றாண்டு வேலை. அங்கே நின்றிருந்த பழைய கோட்டையின் மிச்சத்தை இடித்துவிட்டு, அப்போதைய சொந்தக்காரர்களான பியான்கூர் குடும்பம் எழுப்பியது. தெரியாமல் பார்த்தால் நான்கும் ஒரே பிரசவத்தில் பிறந்த மாதிரிதான் இருக்கும்.

கட்டிய கதையைச் சொல்லாமல் விட முடியாது. 1518-இல் ஆரம்பித்தவர் ழில் பெர்த்தெலோ, மன்னர் முதலாம் பிரான்சுவாவின் கருவூல அதிகாரிகளில் ஒருவர். ஆனால் நிலம் மனைவி பிலிப்பா லெபாயியின் பரம்பரைச் சொத்து. கணவர் அரசாங்க வேலையாக அலைய, கட்டட வேலையைப் பக்கத்தில் இருந்து நடத்தியது அந்த அம்மாதான். ஆற்றங்கரைச் சேற்றில் மரக்கழிகளை அடித்து இறக்கி, அதன்மேல் அஸ்திவாரம் போட்டிருக்கிறார்கள். கல்லெல்லாம் துஃபோ என்கிற வெள்ளைச் சுண்ணாம்புக் கல். நகத்தால் கீறினாலே மாவு உதிரும் என்கிறார்கள் (நான் கீறவில்லை, காவலர் பார்த்துக்கொண்டிருந்தார்).

1527-இல் எல்லாம் கவிழ்ந்தது. பெர்த்தெலோவின் உறவினரும் மன்னரின் நிதி விவகாரங்களைப் பார்த்துவந்தவருமான சம்பிளான்சேவைத் தூக்கில் போட்டார்கள். அடுத்தது நாம்தான் என்று பெர்த்தெலோ ஊரைவிட்டு ஓடினார். இரண்டு வருடத்தில் வெளியூரிலேயே செத்தும் போனார். மன்னர் மாளிகையைப் பிடுங்கித் தன் காவல்படைத் தலைவர்களில் ஒருவரான அந்துவான் ரஃபானுக்குக் கொடுத்தார். கட்டட வேலை பாதியில் நின்றுபோனது. அதனால்தான் கட்டடம் இன்றைக்கும் ட எழுத்து மாதிரி இரண்டு சிறகோடு நிற்கிறது. கொடுமை என்னவென்றால், படிக்கட்டு முகப்பில் மன்னரின் சின்னமான சாலமாண்டரை (பல்லி மாதிரி ஒரு பிராணி) விசுவாசத்தோடு செதுக்கி வைத்தவர்களே பெர்த்தெலோ தம்பதிதான்.

அந்தப் படிக்கட்டில் மட்டும் அரை மணி நேரம் நின்றேன். அந்தக் காலத்துப் பிரெஞ்சுக் கோட்டைகளில் படிக்கட்டு வெளியே துருத்திக்கொண்டு, சுருள் சுருளாகத் திருகிப் போகும். இங்கே இத்தாலி பாணியில், கட்டடத்துக்குள்ளேயே நேர்ப் படிகளாக ஏறித் திரும்பி ஏறுகிறது. ஒவ்வொரு திருப்பத்திலும் முற்றத்தைப் பார்த்த திறந்த வளைவுகள். கீழே யார் வருகிறார்கள் என்று மேலிருந்து வேடிக்கை பார்க்கலாம். மேலே யார் நிற்கிறார்கள் என்று கீழேயிருந்தும் தெரியும். பகட்டுக்குக் கட்டியதுதான், சந்தேகமே இல்லை.

ஆனால் என்னை உட்கார வைத்தது வேறு ஓர் அறை. பிலிப்பாவின் படுக்கையறை என்று சொல்கிற இடத்தில், சுவர் முழுக்கப் பாய்! கோரை மாதிரி ஒரு நீர்ப்புல்லைப் பின்னி, தரையிலிருந்து மேல்வரைக்கும் அடித்திருக்கிறார்கள். குளிர் இறங்காமல் இருக்க அந்தக் காலத்தில் செய்த ஏற்பாடாம். இப்போது பழைய முறைப்படியே மறுபடி செய்து மாட்டியிருக்கிறார்கள். வெளியே தூறல், உள்ளே ஈரம் பட்ட பாயின் வாசனை. என் மகள், "அம்மா, அம்மாச்சி வீட்டு வாசனை" என்றாள். பிரான்சில் அரண்மனை பார்க்க டிக்கெட் வாங்கிக்கொண்டு போய், கடைசியில் கோரைப்பாய் வாசனைக்கு மயங்கி நின்றோம்.

அப்புறம் பரண்மேல் ஏறிப் பாருங்கள், பலர் விட்டுவிடுகிறார்கள். கூரையைத் தாங்குகிற ஓக் மரச்சட்டங்கள், கவிழ்த்த கப்பலுக்குள் நிற்கிற மாதிரி இருக்கும்.

நாங்கள் செய்த தப்பு: மதியச் சாப்பாடு. இரண்டரை மணிக்கு ஓர் உணவகத்துக்குள் போனால், சமையலறை மூடியாகிவிட்டது என்று கையை விரித்தார்கள். பையில் இருந்த பிஸ்கட்தான் காப்பாற்றியது. ஸ்டேஷன் ஊருக்கு வெளியே, அரை மணி நடை. ஞாயிற்றுக்கிழமை ரயிலும் குறைவு. திரும்புகிற நேரத்தை முதலிலேயே குறித்துக்கொள்ளுங்கள்.

இரட்டைச்சக்கரம்:

மாளிகையோடு திரும்பிவிட்டீர்களா, ஊரைப் பார்க்கவில்லையா? புனித சிம்ஃபோரியன் தேவாலயத்தின் முகப்பில், வரிசையாகச் சின்னச் சின்னக் கல் உருவங்கள் பதித்த சுவர் ஒன்று இருக்கிறது. மாளிகையைவிட ஐந்நூறு வருடத்துக்கு மேல் மூத்தது. முகமெல்லாம் தேய்ந்து, உப்பு போட்டு ஊறவைத்த மாங்காய் மாதிரி ஆகிவிட்டது. நுழைவுக் கட்டணம் கிடையாது.

ஊருக்கு இன்னொரு பெயரும் இருந்தது: எரிந்த அஸே. 1418-இல் பிற்காலத்தில் ஏழாம் சார்லஸ் ஆன இளவரசர் இந்த வழியாகப் போகையில், கோட்டையில் இருந்த எதிரணியான பர்கண்டிப் படையினர் அவரைக் கேலி பேசியிருக்கிறார்கள். கோபத்தில் கோட்டையைப் பிடித்து, படையினரைக் கொன்று, ஊரையே கொளுத்திவிட்டுப் போனார். வாய் சும்மா இருந்திருக்கலாம்.

நான் சைக்கிளில் வில்லேன்-லெ-ரோஷே வரை போனேன், பக்கம்தான். கூடை முடைகிறவர்களின் ஊர். 1849-இல் ஊர்ப் பாதிரியார் தொடங்கி வைத்த கூட்டுறவுச் சங்கம் இன்றைக்கும் நடக்கிறது. வில்லோ மிலாறுகளைத் தண்ணீரில் ஊறவைத்து முடைகிறார்கள். ஒருவர் முடைந்துகொண்டே பேசினார், கையைப் பார்க்கவே இல்லை. சின்னக் கூடைதான் என்று விலை கேட்டேன். சின்ன விலை இல்லை. ஆனால் அவர் ஒரு முழு நாள் உட்கார்ந்து செய்ததாம். வாங்கிவிட்டேன்.

மணல்திட்டு:

நீங்கள் சொன்ன தண்ணீர்க் கதைக்கு நேர்மாறானது மோன்சொரோ. அங்கே 1450-களில் மாளிகையை லுவார் ஆற்றுப் படுகையிலேயே கட்டினார்கள். அலை சுவரில் வந்து மோதும். 19-ஆம் நூற்றாண்டில் ஆற்றுக்கும் மாளிகைக்கும் நடுவில் சாலை போட்டுவிட்டார்கள். இப்போது கார் போகிறது. 2016-இல் உள்ளே சமகாலக் கலை அருங்காட்சியகம் திறந்தார்கள். கலை எனக்குப் பிடிபடவில்லை, மாடியிலிருந்து வியென் ஆறு லுவாரில் கலப்பது நன்றாகத் தெரிந்தது. அதற்கே கொடுத்த காசு சரி.

ஷெனொன்சோ மாளிகைக்கும் போயிருக்கிறேன். ஷேர் ஆற்றின் மேலேயே 60 மீட்டர் நீளக் கூடம். முதல் உலகப் போரில் அது ஆஸ்பத்திரி. இரண்டாவது போரில் அந்த ஆறுதான் எல்லைக் கோடு: வாசல் ஜெர்மன்காரர்கள் பக்கம், கூடத்தின் கடைசிக் கதவு சுதந்திரப் பகுதிப் பக்கம். அந்தக் கதவுக்குப் பக்கத்தில் நின்று செல்ஃபி எடுத்துக்கொண்டிருந்த கூட்டத்தில் நானும் ஒருத்தன். கூட்டம் தாங்காது, காலை ஒன்பது மணிக்கே போய்விடுங்கள். அஸே அந்த விஷயத்தில் எவ்வளவோ மேல்.

கரையோரம்:

@இரட்டைச்சக்கரம், தேவாலயம் பார்த்தோம், மழைக்கு ஒதுங்கியதே அங்கேதான். கூடை ஊர் தெரியாமல் போய்விட்டது. அந்தக் கூடையை என்ன செய்கிறீர்கள், அலங்காரத்துக்கா?

இரட்டைச்சக்கரம்:

முதல் வாரம் அலங்காரம். இப்போது சின்ன வெங்காயம் இருக்கிறது.