சீந்தில் கஷாயம்: தினமும் குடிக்கலாமா?

வேலியோரம்:
அம்மாவுக்கு 58 வயது, தைராய்டு மாத்திரை சாப்பிடுகிறார். கொரோனா சமயத்தில் பிடித்த சீந்தில் கஷாயத்தை இன்னும் விடவில்லை, காலையில் வெறும் வயிற்றில் ஒரு டம்ளர். இரும்பு, கால்சியம், புரதம் எல்லாம் நிறைந்தது என்று வாட்ஸ்அப் படத்தைக் காட்டுகிறார். ஈரலைக் கெடுக்கும் என்று வேறொரு செய்தி. எதை நம்புவது?

சித்தர்வழி:
குடிக்கட்டும் விடுங்க. அமிர்தவல்லி என்று பேர் வாங்கிய கொடி அது. அடியில் வெட்டிவிட்டாலும் மேலிருந்து விழுது இறக்கிப் பிழைத்துக்கொள்ளும். 2020-ல் தமிழக அரசே கொடுத்த கபசுரக் குடிநீரில் 15 சரக்கு, அதில் சீந்தில் தண்டும் ஒன்று. ஊரே வரிசையில் நின்று குடித்தது. எத்தனை பேருக்கு ஈரல் போயிற்று?

எல்எஃப்டி பாருங்க:
கபசுரத்தில் அது பதினைந்தில் ஒன்று, அதையும் சில நாள்தான் குடித்தோம். இந்த அம்மா சீந்திலை மட்டும் தினமும் குடிக்கிறார். இரண்டும் ஒன்றா? 2021-ல் மும்பை மருத்துவர்கள் சீந்தில் குடித்து ஈரல் அழற்சி வந்த 6 பேரைப் பற்றி எழுதினார்கள். அடுத்த ஆண்டு 13 மருத்துவமனைகளிலிருந்து 43 பேர். குடிக்க ஆரம்பித்து நோய்க்குறி தெரிய ஆன காலத்தின் நடுமதிப்பு 46 நாள், அதாவது பாதிப் பேருக்கு அதற்குள் தெரிந்துவிட்டது. உங்கள் அம்மா அதை எப்போதோ தாண்டிவிட்டார் என்பது நல்ல செய்திதான், ஆனாலும் அதை உத்தரவாதமாக எடுக்க முடியாது.

சித்தர்வழி:
ஆயுஷ் அமைச்சகம் அதற்கு அப்போதே பதில் சொல்லிவிட்டது. சீந்தில் மாதிரியே இருக்கும் வேறொரு இனத்தை, டினோஸ்போரா கிரிஸ்பாவை, மாற்றிக் குடித்திருப்பார்கள். அப்புறம், லட்சக்கணக்கானோர் குடித்ததில் 43 பேர் ஒரு கணக்கா?

மருந்துக்கடை தம்பி:
ஆள் மாறாட்டம் நிஜமாகவே நடக்கும் அண்ணே. கிரிஸ்பா தண்டு சாம்பல் நிறம், உடம்பெல்லாம் நெருக்கமாக முண்டு முண்டாக இருக்கும், வெட்டினால் பால் போல வடியும். நல்ல சீந்திலில் மேல்தோலைச் சுரண்டினால் உள்ளே பச்சை, குறுக்கே வெட்டினால் வண்டிச் சக்கரம் மாதிரி ஆரக்கால் தெரியும். பொடியாக வாங்கினால் இது எதையும் பார்க்க முடியாது. பொடி விற்கிற நானே சொல்கிறேன்.

எல்எஃப்டி பாருங்க:
தம்பி சொல்வது சரி. ஆனால் அந்த 43 பேர் ஆய்வில் நோயாளிகள் குடித்த மாதிரிகளையே வாங்கிச் சோதித்தார்கள், அசல் சீந்திலுக்கு உரிய வேதிப்பொருள்கள்தான் இருந்தன. ஆக, எல்லாப் பழியையும் கிரிஸ்பா மேல் போட வழியில்லை. லட்சத்தில் எத்தனை பேர் என்ற கணக்கும் இரண்டு பக்கமும் இல்லை சித்தர்வழி சார். குடித்தவர்களை யாரும் எண்ணவில்லை, நோய் வந்தவர்களில் அந்த மருத்துவமனைகளுக்கு வந்தவர்கள்தான் கணக்கில் ஏறினார்கள். எனக்குக் கவலை அந்த தைராய்டு மாத்திரை. சீந்தில் நோய் எதிர்ப்பைத் தூண்டும் என்றுதானே குடிக்கிறோம்? உடம்பே தன்னைத் தாக்குகிற வகைத் தைராய்டு உள்ளவருக்கு அந்தத் தூண்டல் வேண்டாத வேலை.

சித்தர்வழி:
தைராய்டு இருந்தால் சித்த மருத்துவரைப் பார்த்துக் குடிக்கட்டும், அதில் எனக்கு மறுப்பில்லை. எந்த மருந்துக்கும் அளவும் காலமும் உண்டு, அதைக் காபி மாதிரி ஆக்கியது யூடியூப். சத்து இருப்பதையாவது ஒத்துக்கொள்வீர்களா?

எல்எஃப்டி பாருங்க:
அந்தப் படத்தில் இருப்பது 100 கிராம் காய்ந்த தண்டுக்குப் போட்ட கணக்காகத்தான் இருக்கும். கஷாயத்துக்குப் போடுவது ஒரு ஸ்பூன், அதையும் வடிகட்டிச் சக்கையை எறிகிறோம். நார், புரதமெல்லாம் சக்கையோடு போய்விடும். சீந்தில் தண்டிலிருந்து எடுத்து ‘சீந்தில் சர்க்கரை’ என்ற பெயரில் விற்கும் பொடியும் பெரும்பாலும் மாவுச்சத்துதான். சத்து வேண்டுமென்றால் முருங்கைக் கீரை பொரியல் செய்து கொடுங்கள்.

வேலியோரம்:
தைராய்டு எந்த வகை என்று பழைய ரிப்போர்ட்டைத் தேடுகிறேன். நாளை எல்எஃப்டி என்கிற ஈரல் பரிசோதனைக்கு ரத்தம் கொடுக்க அம்மா சம்மதித்துவிட்டார், அதுவரை கஷாயம் நிறுத்தம். இன்னொன்று, அப்பாவும் அதில் பங்கு கேட்டு வாங்கிக் குடிக்கிறார். அவருக்குச் சர்க்கரை மாத்திரை.

மருந்துக்கடை தம்பி:
சீந்தில் ரத்தச் சர்க்கரையை இறக்கும். மாத்திரையோடு சேர்ந்தால் சர்க்கரை ரொம்பக் கீழே போகலாம். அவருக்கும் நிறுத்திவிட்டு டாக்டரிடம் சொல்லுங்க அண்ணே.