பழைய வீடு, ஒரே குளியலறை: சாமான் அறையில் இன்னொன்று அடங்குமா?

கடைசி அறை:

வணக்கம். எங்கள் வீடு கட்டி ஐம்பது வருடத்துக்கு மேல் ஆகிறது. தரைத்தளம் மட்டும்தான், கனமான செங்கல் சுவர்கள். ஒரே குளியலறை, அதுவும் சமையலறையைத் தாண்டிப் பின்கோடியில். ஐந்து பேர் இருக்கிறோம். காலை நேரத்தில் அந்தக் கதவின் முன் நடக்கும் வழக்குகளை எல்லாம் இத்தனை வருடம் சகித்துக்கொண்டோம். இப்போது அம்மாவுக்கு இரண்டு முழங்கால்களும் தேய்ந்துவிட்டன. இரவில் மூன்று முறையாவது எழுந்து, சுவரைத் தடவிக்கொண்டே அந்தக் கோடிவரை நடக்கிறார். போன மாதம் சமையலறை வாசற்படியில் கால் இடறி, நல்லவேளையாகக் கதவைப் பிடித்துக்கொண்டார். இனித் தள்ளிப்போட முடியாது.

அவர் படுக்கும் முன்னறையை ஒட்டி ஒரு சாமான் அறை இருக்கிறது. உள்ளளவு 4 அடிக்கு 7 அடி. காற்றுப் போன சைக்கிள் ஒன்றும், எதற்கு என்றே தெரியாமல் சேர்ந்த அட்டைப்பெட்டிகளும்தான் அங்கே குடியிருக்கின்றன. கட்டம்போட்ட தாளில் வரைந்து பார்த்தேன். உட்காரும் கழிப்பறைப் பீங்கான், சிறிய கைகழுவும் தொட்டி, நின்று குளிக்க இடம், மூன்றும் அடங்குகின்றன. பார்க்க வந்த கொத்தனார், “பத்து நாளில் முடித்துவிடலாம்” என்றார். அவ்வளவு சுலபமாகச் சொன்னதால்தான் பயமாக இருக்கிறது. தொடங்கும் முன் எதைப் பார்க்க வேண்டும்?

ரசமட்டம்:

முப்பது வருடமாகக் குழாய் வேலை செய்கிறேன். இடம் இருக்கிறதா என்பதைக் கடைசியாகப் பாருங்கள். முதலில் தண்ணீர் போக வழி இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

வீட்டுக்கு வெளியே, இப்போதைய கழிவுநீர் வந்து விழும் சோதனைத் தொட்டியின் மூடியைத் திறங்கள். வீட்டுத் தரை மட்டத்திலிருந்து அந்தத் தொட்டியின் அடி எவ்வளவு கீழே இருக்கிறது என்று அளந்து சொல்லுங்கள். கண்மதிப்பு வேண்டாம். ஒளி ஊடுருவும் ரப்பர் குழாயில் தண்ணீர் நிரப்பி மட்டம் பிடித்தால் துல்லியமாகத் தெரியும். பிறகு சாமான் அறையிலிருந்து அந்தத் தொட்டி வரை குழாய் போகும் வழியின் நீளம். காகம் பறக்கும் தூரம் எனக்கு வேண்டாம், குழாய் வளைந்து போகும் தூரம் வேண்டும்.

இந்த இரண்டு எண்களும் வராமல் டைல்ஸ் நிறம் பற்றி யாரும் பேசக் கூடாது.

கடைசி அறை:

அளந்துவிட்டேன் ஐயா. தரையிலிருந்து தொட்டியின் அடிவரை 14 அங்குலம். குழாயின் வழி 34 அடி.

ரசமட்டம்:

நினைத்தேன். கணக்கைப் பாருங்கள். 4 அங்குலக் கழிவுக் குழாய்க்கு நாற்பதுக்கு ஒன்று என்று வாட்டம் வைப்பேன். அதாவது 40 அங்குலம் போனால் 1 அங்குலம் இறங்க வேண்டும். 34 அடி என்பது 408 அங்குலம். இறக்கம் மட்டுமே 10 அங்குலத்துக்கு மேல். குளிக்கும் தரையின் தண்ணீரை வாங்கும் டிராப்புக்கும் (வாடை ஏறாதபடி எப்போதும் கொஞ்சம் தண்ணீர் தேங்கி நிற்கும் அமைப்பு) அதன் வளைவுக்கும் தொடக்கத்திலேயே சுமார் 6 அங்குலம் ஆழம் போய்விடும். ஆக 16. உங்களிடம் இருப்பது 14. புதிய குழாய் தொட்டியின் அடியை ஒட்டிச் சேரவும் கூடாது, சற்று மேலேதான் சேர வேண்டும். எனவே தரையை 3 அங்குலத்துக்குக் குறையாமல் உயர்த்த வேண்டியிருக்கும்.

முழங்கால் தேய்ந்தவருக்காகக் கட்டும் குளியலறையின் வாசலில் ஒரு படி! எதற்காக இந்த வேலையில் இறங்குகிறீர்களோ அதுவே அடிபட்டுப் போகிறது. அந்தக் கொத்தனார் பத்து நாளில் முடித்திருப்பார், சந்தேகமில்லை. வாட்டத்தைக் குறைத்து முடித்திருப்பார். அப்புறம் மாதம் ஒருமுறை நீங்கள் மூங்கில் கழியோடு நிற்பீர்கள்.

இப்போதைய குளியலறையின் சுவருக்கு மறுபக்கம் என்ன இருக்கிறது?

கடைசி அறை:

என் படுக்கையறை.

ரசமட்டம்:

அங்கிருந்து தொட்டிக்கு?

கடைசி அறை:

9 அடி.

ரசமட்டம்:

இறக்கம் 2.7 அங்குலம். டிராப்புக்கு 6. மொத்தம் 9க்குள் முடிந்தது, 5 அங்குலம் கையில் மிச்சம். படி வேண்டாம். அம்மாவின் அறைக்குக் குழாயை இழுத்துக்கொண்டு போவதைவிட, அம்மாவைக் குழாயின் பக்கத்துக்கு அழைத்துவருவது எளிது. உங்கள் அறையின் மூலையைத் தடுத்துக் கட்டி, அந்த அறையை அவருக்குக் கொடுத்துவிடுங்கள்.

குழாயை எங்கேயும் ஒரேயடியாக 90 டிகிரிக்குத் திருப்ப விடாதீர்கள். திருப்பம் வேண்டிய இடத்தில் 45 டிகிரி வளைவு இரண்டு. காற்றுக்குழாய் ஒன்றைக் கூரைக்கு மேல் விட மறக்கக் கூடாது. அது இல்லாவிட்டால் பீங்கானில் தண்ணீர் அடித்து இறங்கும்போது பக்கத்து டிராப்பில் நிற்கும் தண்ணீரையும் உறிஞ்சிக்கொண்டு போகலாம். வாடையைத் தடுப்பது அந்தத் தண்ணீர்தான்.

ஈரச்சுவர்:

இதே வேலையை மூன்று வருடத்துக்கு முன் செய்து, இன்றுவரை அனுபவித்துக்கொண்டிருப்பவள் என்ற முறையில் சொல்கிறேன். என் பெயரைப் பார்த்தாலே கதை புரிந்திருக்கும்.

தரைக்கும் சுவருக்கும் நீர்த்தடுப்புப் பூச்சு அடித்த பின், வடிகாலை அடைத்து இரண்டு நாள் தண்ணீர் தேக்கிப் பாருங்கள். மட்டத்தில் சுவரில் கோடு போட்டுவையுங்கள். எங்கள் ஆள் காலையில் தேக்கி மாலையில் திறந்துவிட்டு, “ஒரு சொட்டுக்கூட இறங்கவில்லை” என்றார். இறங்க அவகாசம் கொடுத்தால்தானே? ஆறாவது மாதம் அடுத்த அறையின் சுவரில் ஓதம் ஏறியது. அலமாரிக்குப் பின்னால் இருந்ததால் கண்ணில் படவில்லை. ஒரு நாள் துணிகளில் பூஞ்சை வாடை வந்து, அலமாரியை நகர்த்தினால் பூச்சு அப்பளமாக உதிர்கிறது. சுவரும் தரையும் சேரும் மூலைதான் எங்கள் வீட்டில் குற்றவாளி. அந்த மூலையைச் சிறிது வளைவாகப் பூசி, பூச்சைச் சுவரில் ஓர் அடியாவது ஏற்ற வேண்டும். குளிக்கும் பக்கத்தில் தலைக்கு மேல் வரை.

இன்னொன்று, கதவு. உள்பக்கம் திறக்கும்படி வைக்காதீர்கள். உள்ளே ஒருவர் விழுந்துவிட்டால் அவர் உடலே கதவை மறித்துக்கொள்ளும். வெளியே திறக்கட்டும், அல்லது பக்கவாட்டில் நகரட்டும். தாழ்ப்பாள் வெளியிலிருந்தும் திறக்கக்கூடியதாக இருக்கட்டும். கைப்பிடிக் கம்பி எங்கே வரும் என்பதை அம்மாவை நாற்காலியில் உட்கார்ந்து எழச் சொல்லிப் பார்த்து முடிவு செய்யுங்கள். அவர் கை தானாக எங்கே போகிறதோ அதுதான் இடம்.

தாளில் வரைந்த 4 அடியை நம்ப வேண்டாம். பூச்சும் டைல்ஸும் ஏறிய பின் 3 அடி 9 அங்குலம்தான் மிஞ்சும். பீங்கானின் நடுக்கோட்டிலிருந்து பக்கச் சுவருக்கு 15 அங்குலமாவது வேண்டும், டைல்ஸ் ஒட்டிய பிறகு.

திருகாணி:

சாமான் அறையையே விரும்பினால் கழிவை அரைத்துத் தள்ளும் மோட்டார் இருக்கிறதே? ஒன்றரை அங்குலக் குழாய் போதும், வாட்டக் கணக்கும் இவ்வளவு இறுக்காது.

ரசமட்டம்:

இருக்கிறது, நானும் பொருத்தியிருக்கிறேன். மின்சாரம் போனால் அதுவும் போனது. ஈரத் துடைப்புத் தாள் ஒன்று உள்ளே விழுந்தால் அன்றைக்கு மோட்டாரைக் கழற்ற வேண்டும். நள்ளிரவு இரண்டு மணிக்கு அது உறுமும் சத்தத்தில் வீடே விழித்துக்கொள்ளும். வேறு வழியே இல்லாத வீட்டுக்கு அது சரி.

கடைசி அறை:

எல்லோருக்கும் நன்றி. அம்மாவிடம் அறை மாற்றத்தைச் சொன்னேன். “உன் அறையில் வெளிச்சமே இல்லையே” என்றார். கட்டிலை ஜன்னலோரம் போடுவதாக வாக்குக் கொடுத்த பிறகு சம்மதித்தார். அலமாரியை ஓதம் ஏற வாய்ப்புள்ள சுவரில் வைக்கப் போவதில்லை.

ஒரு சந்தேகம் மிச்சம். வீட்டுக்குள் வரும் தண்ணீர்க் குழாய் அந்தக் காலத்து இரும்பு. அதிலிருந்தே புதியதற்கும் இழுக்கலாமா?

ரசமட்டம்:

வாளியை வைத்துச் சோதித்துவிடுங்கள். ஒரு குழாயை மட்டும் திறந்து நிரம்பும் நேரத்தைக் குறியுங்கள். பிறகு சமையலறைக் குழாயையும் திறந்துவைத்து மறுபடி.

கடைசி அறை:

தனியாக 1 நிமிடம் 10 விநாடி. இரண்டையும் திறந்தால் 3 நிமிடத்தைத் தாண்டியும் வாளி நிரம்பவில்லை.

ரசமட்டம்:

உள்ளே துரு கட்டி நெருங்கிக் கிடக்கிறது. தண்ணீர்த் தொட்டியிலிருந்து புதிய குழாய் தனியாக இழுத்துவிடுங்கள், பழையதில் கை வைத்தால் இன்னொரு இடத்தில் ஒழுகும். சுவரைப் பூசி மூடும் முன், அளவு நாடாவை விரித்துவைத்து எல்லாக் குழாய்களையும் படம் எடுத்துக்கொள்ளுங்கள். கைப்பிடிக் கம்பிக்குத் துளை போடும் நாளில் அந்தப் படம் கையில் இருக்க வேண்டும்.