கவர்ல வாள் இருந்தா பங்க் இல்லையாம்... யாருக்கு காது குத்துறீங்க

பட்டறை_பையன் (கொருக்குப்பேட்டை) | இரவு 10:52

போன வாரம் பங்க், மெட்டல்னு ராக் மியூசிக்ல வர்ற புது ரிலீஸ் பத்தி பேசிக்கினு இருந்தப்ப நம்ம இரும்புக்கோட்டை அண்ணன் வந்து ஒரு தீர்ப்பு எழுதிட்டு போனாரு. "ஆல்பம் கவர்ல வாளும் கோட்டையும் வந்துட்டா அது பங்க் கிடையாது, மெட்டல். பங்க் சாமானியனோடது, வாள் ராஜா வூட்டு சாமான்." ரெண்டே வரி, அதுக்கு நாப்பது லைக். அன்னிலேர்ந்து எனக்கு சோறு எறங்கல.

அண்ணே, வாள ராஜா புடிச்சாரு, சரி. அத அடிச்சவன் யாரு?

எங்கப்பா பட்டறை வச்சிருந்தாரு. மீன் வெட்ற கத்தி, அருவாமனை, கடப்பாரைக்கு மூக்கு தட்றது, எல்லாம். லாரி ஸ்பிரிங் பட்டைய பழைய இரும்பு கடைல எடைக்கு வாங்கியாந்து, உலைல வச்சு அடிச்சு, எண்ணெயில முக்குவாரு. அதோட வுட்டா கண்ணாடி மாதிரி ஒடஞ்சிரும், அதனால மேல கொஞ்சம் தேச்சு பளபளன்னு ஆக்கி மறுபடி லேசா சூடு காட்டணும், தேச்ச எடத்துல வைக்கோல் கலர் ஏறும், அந்த நேரம் பாத்து எடுத்துரணும், கொஞ்சம் அசந்தா ஊதா ஆகி நீலம் ஆயிரும், பதம் போச்சு. அந்த கலர் கண்ணுக்கு தெரியணும்னு பட்டப்பகல்ல கதவ சாத்திக்கினு வேலை செய்வாரு மனுஷன். ராஜா வூட்டு சாமானாம்.

இப்ப மேட்டருக்கு வர்றேன். பாய்ஸன் ரூயின்னு ஒரு பேண்டு, அமெரிக்காவுல ஃபிலடெல்ஃபியா பசங்க. 2021ல மொத ரெண்டு ஈபியையும் (குட்டி ரெக்கார்டு) சேத்து ஒரே ரெக்கார்டா வந்துச்சு, 2023 ஏப்ரல்ல ஹார்வெஸ்ட், 2024ல கான்ஃப்ரேர். கிதார் பழைய இங்கிலீஷ் ஹெவி மெட்டல் மாதிரி அறுக்கும், பாட்டுக்கு நடுவுல பாழடஞ்ச கோட்டைக்குள்ள எவனோ ஒத்த விரல்ல ஆர்மோனியம் வாசிக்கிற மாதிரி சிந்த் கீபோர்டு வரும், ஆனா பாடுறது பூரா பண்ணையாள் கதை, கூலி, பசி, அறுவடை. ஆல்பம் பேரே அறுவடை. இது பங்க் இல்லன்னா எது பங்க்?

இரும்புக்கோட்டை | இரவு 11:08

தம்பி கதை சோக்கா சொல்ற, சினிமாவுக்கு போ. நான் சொன்னது இன்னா, நீ அழுவுறது இன்னா. வாள், டிராகன், மந்திரவாதி எல்லாம் மெட்டல்காரன் கஷ்டப்பட்டு சேத்த சொத்து. 1976ல ரெயின்போ பேண்டோட ரைஸிங் ஆல்பம் வந்தப்பவே பாடகர் டியோ மந்திரவாதிய பத்தி எட்டு நிமிஷம் பாடியாச்சு. கலிஃபோர்னியாவுல லார்ட் ஆஃப் தி ரிங்ஸ் எழுதின டோல்கீன் புக்குலேர்ந்து பேர் எடுத்து சிரித் அங்கோல்னு பேண்டு வச்சான். கன்சாஸ்ல மனில்லா ரோடு பேண்டு 1983ல கிரிஸ்டல் லாஜிக் ஆல்பம் போட்டான். அப்பல்லாம் பங்க்காரன் இன்னா பண்ணிக்கினு இருந்தான்? சட்டைல ஊக்கு குத்திக்கினு இருந்தான். நாப்பது வருஷம் கழிச்சு வந்து அதே கவசத்த வாடகைக்கு எடுத்து மாட்டிக்கினா அதுக்கு பேரு ஸ்கூல் மாறுவேஷப் போட்டி.

ஹார்வெஸ்ட் வந்தது ரிலாப்ஸ்னு ஒரு ரெக்கார்ட் கம்பெனில. ரிலாப்ஸ் மெட்டல் லேபிள். நான் பர்மா பஜார்ல கேசட் பொறுக்கி பழம் தின்னு கொட்டை போட்டவன், எனக்கு பாடம் எடுக்காத.

மணலி_மாயாவி | இரவு 11:11

இங்கிலீஷ்ல எழுதுறப்ப ரூயின்ல ஐ மேல ரெண்டு புள்ளி, ஹார்வெஸ்ட்ல ஏ மேல ரெண்டு புள்ளி. எழுத்து தலைல ரெண்டு புள்ளி வச்சா மெட்டல்னு மோட்டர்ஹெட் பேண்டு காலத்துலயே சட்டம். நாலு புள்ளி இருக்கு, கோலமே போடலாம். கேஸ் க்ளோஸ்.

ராயபுரம்_ரீட்டா | இரவு 11:15

அல்லாரும் கொஞ்சம் நில்லுங்க. பங்க்னா இன்னா மெட்டல்னா இன்னான்னு ஆளுக்கு ஒரு வரி சொல்லிட்டு அப்பறம் சண்ட போடுங்களேன். ஒருத்தர் ரிஃப், அதான் திரும்ப திரும்ப வர்ற கிதார் வரி, பத்தி பேசுறாரு, ஒருத்தர் கவர் படம், ஒருத்தர் லேபிள். அந்த ரெக்கார்ட்ல பேஸ் கிதார் எவ்ளோ முன்னாடி நிக்குதுன்னு ஒருத்தராவது கேட்டீங்களா?

பட்டறை_பையன் | இரவு 11:24

அண்ணே கேள்விக்கு பதில் வரல. அடிச்சவன் யாரு?

லேபிள் பாத்துதான் ஜாதகம் எழுதுவேன்னா சரி, அதுலயே வர்றேன். அமெபிக்ஸ் பேண்டோட அரைஸ் ஆல்பம், 1985. வுட்டது யாரு? ஆல்டர்நேட்டிவ் டென்டகிள்ஸ், டெட் கென்னடீஸ்ன்ற பங்க் பேண்டு பாடகர் ஜெல்லோ பியாஃப்ராவோட லேபிள். இதைவிட பங்க் லேபிள் வேணும்னா நாமளே ஆரம்பிச்சாதான் உண்டு. அந்த அமெபிக்ஸ்ல பாடி பேஸ் வாசிச்ச ராப் மில்லர், 'தி பேரன்', அதாவது பிரபுன்னு பட்டம், அவரு அப்பறம் இன்னா ஆனாரு தெரியுமா? ஸ்காட்லாந்து பக்கம் ஸ்கை தீவுல வாள் செய்ற கொல்லன் ஆயிட்டாரு. உலை வச்சு, சுத்தி புடிச்சு, கையால. கிரஸ்ட் பங்க்ன்ற பங்க் வகைய பெத்து போட்டவங்கள்ல ஒரு ஆளு வாள் அடிக்கிறான், நீங்க வாள் இருந்தா பங்க் இல்லைன்றீங்க. அவருகிட்ட போய் சொல்லுங்க, சுத்தியோட வருவாரு.

இரும்புக்கோட்டை | இரவு 11:31

எங்க தெருவுல ஈபி ஆபீஸ்லேர்ந்து ரிடையர் ஆன மாமா ஒருத்தர் தேனீ வளக்கிறாரு. அதனால ஈபி ஆபீஸ் தேன் கடை ஆயிருமா? ஒரு ஆளு பின்னாடி இன்னா வேலைக்கு போனான்றதுக்கும் மியூசிக்குக்கும் இன்னாபா சம்பந்தம். அதுவும் இல்லாம அமெபிக்ஸ் பாதி மோட்டர்ஹெட், மீதி பிளாக் சப்பாத். நீயே எனக்கு பாயிண்ட் எடுத்து குடுக்கிற, தேங்க்ஸ்.

பட்டறை_பையன் | இரவு 11:38

மோட்டர்ஹெட் மெட்டல்னு உங்களுக்கு யாரு சொன்னது? அதோட பாடகர் லெம்மி சாவுற வரைக்கும் ஒவ்வொரு ஷோவுலயும் நாங்க வாசிக்கிறது ராக் அண்ட் ரோல்னுதான் சொன்னாரு. 1991ல ரமோன்ஸ்ன்ற பங்க் பேண்டுக்குன்னே ஒரு பாட்டு எழுதினாரு, பங்க்காரனுக்கு மெட்டல்காரன் தாலாட்டு எழுதுவானா? பாத்தீன்னா எங்களோடது நீங்க எடுத்தது, உங்களோடது நாங்க எடுத்தது, எல்லாம் ஒரே குழம்புல வெந்த மீனு. அத வுடுங்க. அடிச்சவன் யாரு அண்ணே.

புளியந்தோப்பு_டோலக் | இரவு 11:40

நடுவுல வர்றதுக்கு சாரி. டிஸ்சார்ஜ்ன்ற பங்க் பேண்டோட 1982 ரெக்கார்ட் நேத்துதான் மொத தடவ கேட்டேன். டுப்பு டா டுடுப்பு டா, டுப்பு டா டுடுப்பு டா. இதுக்கு போய் டி பீட்டுன்னு பேரு வச்சிருக்கானுங்க. எங்க தெருவுல பொணம் எடுக்கிறப்ப வாசிக்கிறது இதுதான் நைனா. டிஸ்சார்ஜ் டிரம்மரு நம்ம சாவுக்கு வந்துட்டு போயிருப்பாரோ.

மணலி_மாயாவி | இரவு 11:42

வந்திருந்தா ஆடிட்டு போயிருப்பாரு

ராயபுரம்_ரீட்டா | இரவு 11:44

டோலக் அண்ணா அது வேற இது வேற. நம்ம அடில மூணு மூணா உருளும், காலு தானா இழுத்துக்கினு போகும். டி பீட்டு நேரா ஓடும், திரும்பி பாக்காது. நான் ரெண்டுக்கும் பேஸ் வாசிச்சு பாத்துட்டுதான் சொல்றேன்.

புளியந்தோப்பு_டோலக் | இரவு 11:45

நான் பதினஞ்சு வருஷம் வாசிக்கிறேன்மா. சரி நீ சொன்னா சரி. (சரி இல்ல)

தமிழ்வாள்_உறை | இரவு 11:49

எல்லோரும் ஸ்காட்லாந்துக்கும் கலிஃபோர்னியாவுக்கும் போறீங்க. ஈரோடு பக்கம் கொடுமணல்ல ரெண்டாயிரம் வருஷத்துக்கு முன்னாடியே இரும்பு உருக்கி எஃகு செஞ்ச உலை கெடச்சிருக்கு. டமாஸ்கஸ் வாள்னு உலகமே வாய பொளந்துச்சே, அதுக்கு உருக்கு போனது நம்ம பக்கத்துலேர்ந்து. வூட்ஸ்னு வெள்ளைக்காரன் சொன்னது நம்ம உருக்குதான். வாள் யாரோடதுன்னு கேட்டா தமிழனோடது. முடிஞ்சுது.

மணலி_மாயாவி | இரவு 11:52

வூட்ஸ் கன்னட உக்குலேர்ந்து வந்துச்சுன்னுல்ல படிச்சேன்

தமிழ்வாள்_உறை | இரவு 11:53

எங்க படிச்ச? எவன் எழுதினான்? உருக்கு முந்தியா உக்கு முந்தியா? பதில் சொல்லு பாப்போம்

பட்டறை_பையன் | இரவு 11:55

தலைவா நீங்க தனியா ஒரு கடை போட்டு நடத்துங்க, இங்க வியாபாரத்த கெடுக்காதீங்க. ஆனா நீங்க சொன்னதுலயும் எனக்குத்தான் பாயிண்டு. கொடுமணல்ல கெடச்சது அரண்மனையா? உலை. உலைன்னா கொல்லன்.

இரும்புக்கோட்டை | நள்ளிரவு 12:06

சரி அடிச்சவன் கொல்லன், போதுமா? அடிச்சவன் கையில அது எத்தனை நாள் இருந்துச்சு? அடிச்சு முடிச்சு துட்ட வாங்கிக்கினு குடுத்துட்டான். அப்பறம் அந்த வாள் யாரு கழுத்துல எறங்குச்சு? அந்த கொல்லன் தம்பி கழுத்துலதான். அதனாலதான் சொல்றேன், வாள கவர்ல போட்டா ராஜாவுக்கு ஜால்ரா. அரிவாள போடு, நான் ஒத்துக்கிறேன் பங்க்னு. குடியானவன் கையில வாள் இருந்துச்சுன்னு ஒரு ஆதாரம் காட்டு, ஒண்ணே ஒண்ணு, நான் இந்த எடத்த வுட்டு அபீட்டு ஆயிக்கிறேன்.

பட்டறை_பையன் | நள்ளிரவு 12:29

அபீட்டு ஆவறேன்னு சொன்னத ஸ்கிரீன்ஷாட் எடுத்துட்டேன்.

1285, இங்கிலாந்து, வின்செஸ்டர் சட்டம்னு மொதலாம் எட்வர்ட் ராஜா போட்டது. பதினஞ்சு வயசுலேர்ந்து அறுவது வயசு வரைக்கும் ஆம்பளைங்க அல்லாரும் வசதிக்கு ஏத்தாப்ல வூட்ல ஆயுதம் வச்சிருக்கணும். நாப்பது ஷில்லிங் நெலம் இருந்தா வாள், வில்லு, அம்பு, கத்தி. ராஜாவே சட்டம் போட்டு ஊர்க்காரன் கையில வாள குடுத்திருக்கான், போங்க, படிங்க.

அப்பறம் 1381. வரி மேல வரி போட்டு சாவடிச்சதுக்கு குடியானவங்க கெளம்பி லண்டன் வரைக்கும் போனாங்க. அதுல ஜான் பால்னு ஒரு சாமியாரு, நம்ம பாஷைல சொன்னா, ஆதாம் மண்ண கொத்தி ஏவாள் நூல் நூத்தப்ப எவன்டா ஜமீன்தாரா இருந்தான்னு கேட்டாரு. அதுக்காக அதே வருஷம் தூக்குல போட்டாங்க. இதுக்கு மேல ஒரு பங்க் வரி எழுத முடியுமா சொல்லுங்க. அத படிச்சப்ப எனக்கு எங்க தாத்தாதான் ஞாபகம். பெரம்பூர் பின்னி மில்லுல நூல் நூத்தவரு. 1918லயே மெட்ராஸ் லேபர் யூனியன் கட்டினது அந்த ஆளுங்கதான், நாட்டுல மொத மொத மொறையா கட்டின சங்கம் அது. காதுல பஞ்சு அடைச்சு அடைச்சு கடைசி காலத்துல எங்க பாட்டி கத்தினா கூட கேக்காது அவருக்கு. பண்ணையாள் கதைய ஃபிலடெல்ஃபியாகாரன் பாடினா எனக்கு அது ஏதோ தூர தேசத்து மேட்டரா தெரியல, மில்லு சங்கு சத்தம்தான் கேக்குது.

கெளம்புங்க அண்ணே. அபீட்டு.

இரும்புக்கோட்டை | நள்ளிரவு 12:37

நாப்பது ஷில்லிங்குக்கு நெலம் வச்சிருந்தவன் குடியானவனா? மிராசுதாரு தம்பி அவன். இல்லாதவனுக்கு அந்த சட்டத்துல இன்னா எழுதியிருக்கு, அத ஏன் டபாய்ச்சிட்டு போற? நான் எங்கயும் போவல.

பட்டறை_பையன் | நள்ளிரவு 12:39

ஆதாரம் கேட்டீங்க குடுத்தேன். இப்ப ஷில்லிங் எண்றீங்க. பீலா உடாதீங்க.

இரும்புக்கோட்டை | நள்ளிரவு 12:41

இருந்தவன் கையில வாள். இல்லாதவன் கையில இன்னா? சொல்லு.

ராயபுரம்_ரீட்டா | நள்ளிரவு 12:44

எங்கம்மா காசிமேட்டுல மீன் வெட்றாங்க, அவங்க கையில ரெண்டு அடி கத்தி இருக்கு. அது வாளா அரிவாளா? இதுல அவங்க பங்க்கா மெட்டலா? யாராவது சொல்லுங்க, காலைல கேட்டு சொல்றேன்.

மணலி_மாயாவி | நள்ளிரவு 12:45

உங்கம்மா கிட்ட வஞ்சிரம் வெல கேட்டவனுக்கு தெரியும், பிளாக் மெட்டல்

பட்டறை_பையன் | நள்ளிரவு 12:51

அண்ணே நான் ஒண்ணு சொல்லக்கூடாதுன்னு இருந்தேன், சொல்ல வச்சிட்டீங்க. சாமானியன் சாமானியன்னு பேசுறீங்களே, 2013ல வியாசர்பாடி மொட்டை மாடி ரூம்ல நாம ஜாம் பண்ணப்ப, எங்கப்பா பட்டறை துட்டுல வாங்கின பதினஞ்சு வாட் கிதார் ஆம்ப்ளிஃபையர ஒரு வாரத்துக்குன்னு எடுத்துக்கினு போனது யாரு? அந்த ஆம்ப் இப்ப உங்க கூடவே அண்ணா நகருக்கு குடி போயிருச்சு. சாமானியன் சாமான ராஜா எடுத்துக்கினு போறதுன்றது இதுதான்.

இரும்புக்கோட்டை | நள்ளிரவு 12:55

அது ஸ்பீக்கர் கிழிஞ்ச ஆம்ப். என் கை காசு போட்டு ஸ்பீக்கர் மாத்தினேன். அண்ணா நகர் இல்ல, வில்லிவாக்கம். தெரியாம பேசாத.

புளியந்தோப்பு_டோலக் | நள்ளிரவு 12:56

வில்லிவாக்கத்த நார்த் மெட்ராஸ்ல சேக்கலாமா வேணாமா?

மணலி_மாயாவி | நள்ளிரவு 12:57

அய்யோ இத ஆரம்பிக்காதீங்க, போன தடவ மூணு நாள் ஓடுச்சு

தமிழ்வாள்_உறை | நள்ளிரவு 12:58

உக்குன்னு சொன்ன ஆளு இன்னும் பதில் சொல்லல

ராயபுரம்_ரீட்டா | நள்ளிரவு 1:02

ஆல்பத்த யாரும் முழுசா கேக்கலன்னு நெனைக்கிறேன். குட் நைட்.

பட்டறை_பையன் | நள்ளிரவு 1:04

நான் கேட்டேன் ரீட்டா, பதினோரு தடவ. அண்ணே, ஸ்பீக்கர் மாத்தினீங்க சரி, ஆம்ப் யாரோடது?

இரும்புக்கோட்டை | நள்ளிரவு 1:09

ஞாயித்துக்கெழம பெரம்பூர் ஸ்டேஷன் வாசல்ல வந்து வாங்கிக்கோ. ஸ்பீக்கர் காசு எடுத்துக்கினு வா. ரிலாப்ஸ் மெட்டல் லேபிள்தான்.

பட்டறை_பையன் | நள்ளிரவு 1:10

பவர் ஒயரும் சேத்து எடுத்தாங்க. அது புது ஒயரு. வர்றப்ப யோசிச்சுக்கினே வாங்க, அடிச்சவன் யாருன்னு.