வி-டிஸ்க் இசைத்தட்டு கரகரக்கிறது, எந்த ஊசி சரி?

ஜாஸ் இசைக்கலைஞர் கிளென் மில்லரின் அமெரிக்க ராணுவ விமானப்படை இசைக்குழு வாசித்த வி-டிஸ்க் (இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் அமெரிக்கப் படைவீரர்களுக்காக வெளியிடத் தொடங்கிய இசைத்தட்டு) ஒன்று, போன மாதம் நியூஜெர்சியில் பழைய பொருள் கடையில் கிடைத்தது. 12 அங்குலம், நிமிடத்துக்கு 78 சுற்று வேகம், வினைல். கணினியில் ஏற்றும்போது முதல் பாதி அவ்வளவு தெளிவு. உள்வட்டத்துக்குப் போகப் போக சாக்ஸஃபோன்கள் மொத்தமாகக் கிழிந்த மாதிரி கரகரக்கின்றன, டிரம்பெட் உச்சத்தில் இன்னும் மோசம்.

காய்ச்சி வடித்த நீரில் கழுவி நிழலில் உலர்த்தினேன். ஊசியின் எடையை 3 கிராமிலிருந்து 5 வரை ஏற்றிப் பார்த்தேன், ஊசியைத் தாங்கும் கையின் கோணத்தையும் சரிசெய்தேன். பலனில்லை. இப்போது இருப்பது 3 மில் (ஒரு மில் என்பது அங்குலத்தில் ஆயிரத்தில் ஒரு பங்கு) கூம்பு ஊசி. அதே ஊசியில் மற்ற 78 தட்டுகள் நன்றாகவே பாடுகின்றன. ஆறு நிமிடத்துக்கும் மேல் அடக்க வி-டிஸ்க்கில் பள்ளங்களை நெருக்கி வெட்டினார்கள், அதனால் ஊசி பெரிதோ என்று சந்தேகம்.

1949-இல் வி-டிஸ்க் திட்டம் முடிந்ததும் மூலப்பதிவுகளை அழிக்கச் சொல்லிவிட்டார்கள். மிஞ்சிய தட்டு ஒவ்வொன்றும் பொக்கிஷம், தப்பான ஊசியால் இதைத் தேய்க்க மனசு வரவில்லை.

வி-டிஸ்க் ஓட்டிப் பழகியவர்கள் சொல்லுங்கள்: 2.5 மில் கூம்பு வாங்கவா, முனை மழுக்கிய நீள்வட்ட ஊசி வாங்கவா?