கூட்டாளிக்காக உயிரை விடும் படங்கள் நமக்கு ஏன் இப்படிப் பிடிக்கின்றன?

லிந்துலைக்காரன்:
வீட்டில் எல்லோருமாக ‘மஞ்ஞுமல் பாய்ஸ்’ என்ற மலையாளப் படத்தை மறுபடி பார்த்தோம். 2006இல் கொடைக்கானல் குணா குகையில் உண்மையாக நடந்த கதை. பள்ளத்தில் விழுந்தவன் இனி வரமாட்டான் என்று ஊரே கைவிரித்த பிறகு, கூட வந்தவனே கயிற்றைக் கட்டிக்கொண்டு இறங்குகிறான். முடிவு தெரிந்தும் என் சித்தப்பா அந்த இடத்தில் எழுந்து நின்றுவிட்டார். காதல் படம் போட்டால் குறட்டை விடுகிற ஆள் அவர்! என் கட்சி இதுதான்: பெற்ற பாசம் பிறப்போடு வருவது, காதலில் நமக்கும் ஏதோ கிடைக்கிறது. கூட்டாளிக்காக இறங்குகிறவனுக்கு ஒன்றும் கிடைக்காது. தொண்டை அடைப்பது அதனால்தான்.

பசறைப் பக்கம்:
அடைக்கட்டும். ஆனால் அந்த விசுவாசத்தால் யாருக்கு லாபம் என்றும் பாருங்கள். ‘தளபதி’யில் ரஜினி உயிரைக் கொடுக்கத் தயாராக நிற்பது ஒரு தாதாவுக்காக. ‘சுப்ரமணியபுர’த்தில் பையன்கள் ஒரு அரசியல் குடும்பத்துக்காகக் கொலை செய்துவிட்டு உள்ளே போகிறார்கள், அந்த ஆள் திரும்பியும் பார்ப்பதில்லை. நம் ஊரில் தேர்தல் வந்தால் கொடி கட்டுகிற பையன்களை நினைத்துக்கொள்ளுங்கள். இந்தப் படங்கள் பெரிய மனுஷன்களுக்கு ஆள் சேர்த்துக் கொடுக்கின்றன.

லிந்துலைக்காரன்:
அண்ணே, ‘சுப்ரமணியபுரம்’ காட்டுவதே அந்தத் துரோகத்தைத்தானே? அதைப் பார்த்துவிட்டு எவன் கத்தி தூக்குவான்?

பசறைப் பக்கம்:
தூக்கமாட்டான், ஆனால் சிகரெட்டைப் பிடிக்கிற விதத்தைப் பழகிக்கொள்வான். இன்னொன்று. 2014இல் இங்கே இலங்கை மலையகத்தில், கொஸ்லந்தை மீரியபெத்தைத் தோட்டத்தில் மண்சரிந்து லயங்கள், அதாவது தொழிலாளர்களின் வரிசை வீடுகள், புதைந்தன. அந்த இடம் ஆபத்து என்று முன்பே எச்சரித்திருந்தார்கள். வேறு வீடு கிடைத்திருந்தால் யாரும் மண்ணைத் தோண்டித் தேடியிருக்க வேண்டாம். கயிறு பிடிப்பவனைக் கொண்டாடும்போது, கயிறு ஏன் தேவைப்பட்டது என்ற கேள்வி காணாமல் போகிறது.

கொட்டகலை டீச்சர்:
இரண்டு பேரும் ஆம்பிளைகள் தோளில் கை போட்டு நடப்பதையே பேசுகிறீர்கள். என் அம்மா தேயிலைத் தோட்டத்தில் கொழுந்து எடுத்தவர். கிலோ குறைந்தால் அரைப் பேர்தான் விழும், அதாவது அரை நாள் சம்பளம்தான். காய்ச்சலோடு வந்தவளின் கூடை நிறையவில்லை என்றால், நிறுவைக்குப் போகும் வழியில் பக்கத்து நிரைக்காரி தன் கூடையிலிருந்து இரண்டு பிடி அள்ளிப் போட்டுவிட்டு, ஒன்றும் நடக்காத மாதிரி பாக்கு மென்றுகொண்டு நடப்பாள். வேலையை மேற்பார்க்கிற கங்காணி பார்த்துவிட்டால் இருவருக்கும் ஏச்சு. இதை எந்தப் படம் எடுத்தது? ‘நாடோடிக’ளில் சிநேகிதனின் காதலைச் சேர்த்துவைக்கப் போய் ஒருவனுக்குக் கால் போகிறது, ஒருவனுக்குக் காது போகிறது. அவ்வளவு இரத்தம் வந்தால்தான் நட்பா? ஆனாலும் பார்ப்பேன், அழுவேன். அது வேறு.

பழைய கோச்சி:
தம்பிமாரே, 1964 சிறிமா–சாஸ்திரி ஒப்பந்தம் என்ன செய்தது தெரியுமா? இலங்கையும் இந்தியாவும் நாடற்ற தோட்டத் தமிழரைப் பங்கிட்டு, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இங்கே என்று கணக்குப் போட்டார்கள். ஒரே லயத்தில் இவனுக்கு அங்கே, அவனுக்கு இங்கே. இந்தியாவுக்குக் கப்பல் ஏறத் தலைமன்னாருக்குப் போன ரயிலை நாங்கள் ஒப்பாரிக் கோச்சி என்போம். என்னோடு கபடி ஆடியவர்களில் பாதிப் பேர் அதில்தான் போனார்கள். ‘தளபதி’யில் எனக்குப் பிடித்த இடம் சண்டை இல்லை. பெற்ற தாயே வந்து நின்றபோதும், கூட்டாளியை விட்டு வரமாட்டேன் என்று அவன் சொல்ல முடிகிறதே, அதுதான். எங்களுக்கு அப்படிச் சொல்ல ஒரு வாய்ப்பும் வரவில்லை. குடியுரிமைப் படிவத்தில் இருந்ததுதான் முடிவு.

பசறைப் பக்கம்:
ஐயா, உங்களிடம் வாதாட எனக்கு மனம் வரவில்லை. ஆனால் நீங்கள் சொன்னதும் என் பக்கம்தான். பிரித்தது அரசாங்கங்கள். அந்தக் கோபத்தை தாதா படம் தீர்த்துவைப்பது கணக்கில் சேராது.

பழைய கோச்சி:
தீர்த்துவைக்கிறது என்று யார் சொன்னது? மூன்று மணி நேரம் பிடித்திருக்கிறது. டிக்கெட் காசுக்கு அது போதும்.

கொழும்புக் கடைப் பையன்:
எல்லோரும் பெரிதாகப் பேசுகிறீர்கள், நான் சின்னதாகக் கேட்கிறேன். கூட்டாளி தவணைக்கு ஆட்டோ எடுக்க, அந்தத் திரீவீல் லீசிங்குக்குப் பிணைக் கையெழுத்துப் போட்டிருக்கிறீர்களா? நான் போட்டேன். கூட்டாளி நாலு தவணை கட்டிவிட்டு ஃபோனை ஆஃப் பண்ணிவிட்டான். கடை வாசலில் லீசிங்காரன் வந்து நின்றபோது பின்னணி இசை ஒன்றும் வரவில்லை, முதலாளியின் முகம்தான் தெரிந்தது. என் சம்பளத்தில் கழிகிறது. படத்தில் துரோகி கடைசி ரீலில் மாட்டுவான். இவன் இப்போது கட்டாரில் இருக்கிறான், ஃபேஸ்புக்கில் பிரியாணி போடுகிறான்.

கொட்டகலை டீச்சர்:
இதற்குப் பிறகும் நட்புப் படம் பார்க்கிறீர்களா தம்பி?

கொழும்புக் கடைப் பையன்:
பார்க்காமல் என்ன டீச்சர்? கூட இருக்கிற நாலு பேர் மாதம் ஆளுக்குக் கொஞ்சம் போட்டுத்தான் என் அறை வாடகையே போகிறது. ஞாயிற்றுக்கிழமை படம் பார்ப்பதும் அவன்களோடுதான்.

பசறைப் பக்கம்:
அந்த நாலு பேரில் யாராவது பிணை கேட்டால்?

கொழும்புக் கடைப் பையன்:
ஒருத்தன் கேட்டுவிட்டான் அண்ணே. வெள்ளிக்கிழமை பதில் சொல்கிறேன் என்றிருக்கிறேன்.