பாராதைராய்டு ஆபரேஷனில் நீலச்சாயம்: அனுபவம் உள்ளவர்கள் சொல்லுங்கள்

வணக்கம், நாங்கள் தக்கலை பக்கம். அம்மாவுக்கு 61 வயது. ரத்தத்தில் கால்சியம் 11.9, அதாவது அதிகம்; சிறுநீரகத்தில் இரண்டாவது தடவையாகக் கல். கழுத்திலுள்ள நான்கு பாராதைராய்டு சுரப்பிகளில் ஒன்று வீங்கியிருக்கிறது, அதுதான் காரணம், எடுக்க வேண்டும் என்கிறார்கள். சாதாரணமாக அரிசிமணி அளவுதான் இருக்குமாம். அதனால் அடையாளம் தெரிய மெத்திலீன் ப்ளூ சாயத்தை நரம்பில் ஏற்றுவார்களாம். சிறுநீர் பச்சையாகவோ நீலமாகவோ போகும், பயப்படாதீர்கள் என்றார் டாக்டர். அது சரி.

என் பயம் வேறு. அப்பா போனதிலிருந்து அம்மா தினமும் ராத்திரி எஸ்சிட்டலோபிராம் என்ற மனச்சோர்வு மாத்திரை போடுகிறார். மாத்திரை அட்டை தலையணைக்கு அடியில்தான் இருக்கும். ஆஸ்பத்திரியில் கேட்டபோது பிரஷர் மாத்திரையை மட்டும் சொல்லியிருக்கிறார். மனசுக்கு மாத்திரை சாப்பிடுவதைச் சொல்லக் கூச்சம், பாவம். ஆனால் இந்தச் சாயமும் அந்த மாத்திரையும் சேர்ந்தால் மூளையில் செரோட்டோனின் என்ற ரசாயனம் அளவுமீறி ஏறி, குழப்பம், காய்ச்சல், நடுக்கம் வந்து உயிருக்கே ஆபத்தாகலாம். அமெரிக்காவின் மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்டிஏ 2011-லேயே எச்சரித்திருக்கிறது.

திங்கட்கிழமை டாக்டரிடம் எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். மாத்திரையை நானாக நிறுத்த மாட்டேன். உங்கள் வீட்டில் யாருக்காவது இப்படி நடந்ததா? மாத்திரையை எத்தனை நாள் முன்னால் நிறுத்தச் சொன்னார்கள்? நாகர்கோவிலிலோ திருவனந்தபுரத்திலோ சாயம் இல்லாமல், வீங்கிய சுரப்பி எங்கே என்று காட்டும் செஸ்டமிபி ஸ்கேனை வைத்தே செய்கிறார்களா? தெரிந்தவர்கள் தயவுசெய்து எழுதுங்கள்.