ஈ.எம்.யூ. வண்டிக்கு என்ன பெயர்? ‘மின்சார ரயில்’ ஏன் போதவில்லை

தொடக்க மடல்

நண்பர்களுக்கு வணக்கம்.

சென்னைப் புறநகர் ரயிலின் வரலாற்றைத் தமிழில் எழுதப் புகுந்தால் ஒரே ஒரு சொல்லில் மாட்டிக்கொள்கிறோம். ரயில்வேக்காரர்கள் ஈ.எம்.யூ. (எலெக்ட்ரிக் மல்டிபிள் யூனிட்) என்கிறார்கள். மக்கள் மின்சார ரயில் என்கிறார்கள். பேச்சுக்கு இது போதும், கட்டுரைக்குப் போதவில்லை.

1931 மே 11 அன்று கடற்கரைக்கும் தாம்பரத்துக்கும் இடையே தென்னிந்திய ரயில்வே மின்வண்டிகளை ஓடவிட்டது. மீட்டர் பாதை, 1500 வோல்ட் நேர்மின்னோட்டம், சுமார் 29 கிலோமீட்டர். நீராவி ரயில்கள் மட்டுமே தெரிந்த ஊரில் கம்பியிலிருந்து மின்சாரம் எடுத்து ஓடிய ரயில்கள் அவைதான் என்பதால், ‘மின்சார ரயில்’ என்றாலே அந்த வண்டி என்று பொருள் நிலைத்துவிட்டது. அன்றைக்கு அது பிழையே இல்லை.

சிக்கல் 1960களில் வந்தது. தாம்பரத்தைத் தாண்டி விழுப்புரம் வரைக்கும் கம்பி நீண்டது. நேர்மின்னோட்டம் போய் 25,000 வோல்ட் மாறுமின்னோட்டம் வந்தது. மின்சார இஞ்சின் இழுக்கும் எக்ஸ்பிரஸ்களும் அதே மீட்டர் பாதையில் ஓடத் தொடங்கின. இப்போது ‘விழுப்புரம் வரை மின்மயமான பிறகு மின்சார ரயில்கள் பெருகின’ என்று ஒருவர் எழுதினால், பெருகியது எது? இஞ்சின் இழுத்த எக்ஸ்பிரஸா, தாம்பரம் வண்டியா? இன்று நெல்லை எக்ஸ்பிரஸும் பாண்டியனும் மின்சாரத்தில்தான் ஓடுகின்றன. தாம்பரம் வண்டியை அவற்றிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு சொல் வேண்டும்.

என் கைவசம் இருப்பவை இரண்டு: ‘மின்தொடர் வண்டி’, ‘மின் பன்னலகு வண்டி’. இரண்டும் எனக்கு நிறைவாக இல்லை. உங்கள் கருத்து?

மறுமொழி 1

> தாம்பரம் வண்டியை அவற்றிலிருந்து பிரித்துக் காட்ட ஒரு சொல் வேண்டும்.

‘புறநகர் ரயில்’ என்றே வைத்துக்கொள்ளலாமே என்று யாராவது கேட்கும் முன் சொல்லிவிடுகிறேன்: கூடாது. அது சேவையின் பெயர். நாம் தேடுவது வண்டியின் பெயர். 1995இல் கடற்கரை–சேப்பாக்கம், 1997இல் திருமயிலை, 2007இல் வேளச்சேரி என்று நீண்ட பறக்கும் ரயிலிலும் இதே வகை வண்டிதான் ஓடுகிறது. அந்தத் தடம் நகருக்குள்ளேயே கிடக்கிறது. மறுபக்கம் மெயின்லைன் ஈ.எம்.யூ. எனப்படும் மெமு வண்டி புறநகரைத் தாண்டி வெகுதூரம் போகிறது, அதுவும் இதே இனம்.

‘மின்தொடர் வண்டி’யில் தொடர்வண்டி முழுசாக உட்கார்ந்திருக்கிறது. தொடர்வண்டி என்றால் எந்த ரயிலும்தான். அதற்கு முன்னால் ‘மின்’ சேர்த்தால் மீண்டும் மின்சார ரயில்தான் கிடைக்கும். ஒரு சுற்று சுற்றிப் புறப்பட்ட இடத்துக்கே வருகிறோம்.

‘பன்னலகு’ இன்னும் மோசம். மின்சாரத்தையும் அலகையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் படிப்பவருக்கு மின்கட்டண அட்டைதான் நினைவுக்கு வரும்.

மறுமொழி 2

வணக்கம். சொல்லைத் தேடும் முன் பொருளைச் சரியாகப் பிடிப்போம். பன்னலகின் குறை ஒலியில் மட்டும் இல்லை, பொருளே பிசகியிருக்கிறது. பல பெட்டி சேர்ந்தது என்று நினைத்து மொழிபெயர்த்திருக்கிறார்கள். பல பெட்டி எந்த ரயிலிலும்தான் இருக்கிறது.

‘மல்டிபிள் யூனிட்’ என்பது 1897இல் சிகாகோவின் உயர்தட ரயிலுக்காக அமெரிக்கப் பொறியாளர் பிராங்க் ஸ்ப்ரேக் கண்ட வழி. மின்தூக்கிகளின் கட்டுப்பாட்டில் பழகிய யோசனையை அவர் ரயிலுக்குக் கொண்டுவந்தார். ஒவ்வொரு மோட்டார் பெட்டியும் தனக்கு வேண்டிய மின்சாரத்தைத் தானே எடுத்துக்கொள்ளும். வண்டி நெடுகப் போவது மோட்டாரை ஓட்டும் பெருமின்னோட்டம் இல்லை, கட்டளை சுமக்கும் மெல்லிய கம்பிகள் மட்டுமே. முன்னால் இருப்பவர் கைப்பிடியைத் திருப்பினால் எல்லா மோட்டார் பெட்டிகளும் ஒரே சமயத்தில் இழுக்கும். ஆக ‘மல்டிபிள்’ என்பது இழுப்பவை பல, ஓட்டுபவர் ஒருவர் என்பதைத்தான் சுட்டுகிறது.

சென்னை வண்டியில் இதைக் கண்ணால் பார்க்கலாம். 9 பெட்டி வண்டியில் 3 மோட்டார் பெட்டிகள். கூரையில் பாண்டோகிராஃப் (கம்பியிலிருந்து மின்சாரம் எடுக்கும் சட்டம்) இருக்கும் பெட்டிகள் அவைதான். இரு முனையிலும் மோட்டார்மேன் (ஓட்டுநர்) அறை கொண்ட பெட்டி, மற்றவை இழுபடுபவை. ஒரு மோட்டார் பெட்டிக்கு 4 அச்சு, நான்கிலும் மோட்டார். மொத்தம் 36 அச்சில் 12 அச்சு இழுக்கிறது. கட்டளைக் கம்பிகளில் போவது வெறும் 110 வோல்ட்.

இனி வளர்ச்சியைப் பாருங்கள். 9 பெட்டியை 12 ஆக்கும்போது கூடும் 3 பெட்டியில் ஒன்று மோட்டார் பெட்டி. 48 அச்சில் 16 இழுக்கிறது. விகிதம் அதே மூன்றில் ஒன்று. அதனால் வண்டி நீண்டாலும் கிளம்பும் வேகம் குறையவில்லை. இஞ்சின் இழுக்கும் வண்டியில் பெட்டி எத்தனை கூடினாலும் இழுக்கும் அச்சு 6தான். கடற்கரையிலிருந்து தாம்பரம் வரை 18 நிலையம், சராசரி இடைவெளி 1.7 கிலோமீட்டர். நின்று நின்று கிளம்பும் தடத்தில் இந்த வேறுபாடுதான் நேர அட்டவணையைக் காப்பாற்றுகிறது. நீட்ட வேண்டியிருந்தது நடைமேடைகளை. பெட்டி ஒன்றுக்கு ஏறத்தாழ 21 மீட்டர் என்றால் 12 பெட்டிக்கு 250 மீட்டருக்கு மேல் வேண்டும்.

கடைசி நிலையத்தில் இன்னொரு லாபம். இஞ்சினைக் கழற்றி, மறுமுனைக்கு ஓட்டி, மாட்டி, பிரேக் சோதிக்கும் வேலை இல்லை. மோட்டார்மேன் மறுமுனை அறைக்குப் போனால் வண்டி திரும்பத் தயார்.

இவ்வளவையும் ஒரு சொல் சொல்லாது, தெரியும். ஆனால் ‘பல இழுப்பு, ஒரு ஓட்டுநர்’ என்பதையாவது அது சொல்ல வேண்டும். என் முன்மொழிவு: கூட்டியக்க வண்டி. மின் கூட்டியக்க வண்டி, டீசல் கூட்டியக்க வண்டி.

மறுமொழி 3

ஐயா விளக்கியது தெளிவு. பொருளில் எனக்கு மறுப்பே இல்லை. சொல்லில் இருக்கிறது. ‘இயக்கம்’ தமிழ்நாட்டில் ரயிலுக்கு முன்பே அரசியலுக்குப் போய்விட்டது. ‘கூட்டியக்கத்தினர் மறியல்’ என்று தலைப்பு போட்டால் வண்டியை நிறுத்தியவர்களா, வண்டியில் வேலை பார்ப்பவர்களா? தவிர ‘மின் கூட்டியக்க வண்டி’ மூன்று சொல். அறிக்கையில் பத்துத் தடவை எழுதினால் பதினோராவது தடவை ஈ.எம்.யூ. என்றுதான் கை எழுதும்.

களத்துமேட்டிலிருந்து ஒரு சொல் தருகிறேன்: பிணையல்.

நெற்கதிரைப் போரடிக்கும்போது நாலைந்து மாடுகளை ஒரே தாம்பில் வரிசையாகப் பிணைத்து, கதிர் மேல் சுற்றிச் சுற்றி ஓட்டுவார்கள். அந்த மாட்டு வரிசைக்குப் பெயர் பிணையல். பின்னால் தார்க்கோலோடு நடப்பவர் ஒரே ஆள். நடப்பவை பல, ஓட்டுபவர் ஒருவர். வைக்கோல் அதிகம் என்றால் இன்னொரு மாட்டைச் சேர்த்துப் பிணைப்பார்கள், அதற்காக இரண்டாவது ஆள் வரமாட்டார். ஐயா சொன்ன நான்காவது மோட்டார் பெட்டி அதுதான்.

ஈ.எம்.யூ. = மின்பிணையல். ஒரே சொல். ‘வண்டி’ கூடத் தேவையில்லை.

மறுமொழி 4

அம்மா, சொல் அழகுதான். மூன்று தடை சொல்கிறேன், கோபிக்க வேண்டாம்.

ஒன்று, ‘பிணை’ என்றவுடன் ஜாமீன். பிணையில் வந்தார், பிணையம் வைத்தார் என்றெல்லாம் நாளும் படிக்கிறோம். இரண்டு, பாம்புப் பிணையல் என்ற வழக்கும் உண்டு. மூன்று, அறுவடை எந்திரம் வந்தபின் போரடிப்பைப் பார்க்காத தலைமுறைகள் வளர்ந்துவிட்டன. நகரத்துப் பிள்ளைக்கு இந்த உவமை எட்டாது.

மறுமொழி 5

மூன்றாவது தடையை முதலில் எடுக்கிறேன். வேர் தெரிந்துதான் சொல் வழங்க வேண்டும் என்றால் தண்டவாளம் என்ற சொல்லையே நாம் விட வேண்டும். அதன் வேரைக் கேட்டால் எத்தனை பேர் சொல்வார்கள்? இரும்புப் பாதை என்பது எல்லாருக்கும் தெரியும், அது போதும். பறக்கும் ரயிலும் பறக்கவில்லை, தூண் மேல் போகிறது. ஊர் ஏற்றுக்கொண்டது.

ஜாமீன் குழப்பம் ‘பிணை’யில் வரும், ‘பிணையல்’ என்பதில் வராது. ஈற்று வேறு. முன்னால் ‘மின்’ நின்றுவிட்டால் பாம்பும் வராது.

ஒரு கலைச்சொல் நிற்குமா என்று பார்க்க அதன் கிளைகளைப் போட்டுப் பார்ப்பதுதான் வழி. போட்டுப் பார்த்தேன்.

டெமு: டீசல் பிணையல். நம் ஊர் டெமுவில் இரு முனையிலும் உந்து பெட்டி இருந்தாலும் ஒரே அறையிலிருந்துதான் இரண்டும் ஓட்டப்படுகின்றன. பொருந்துகிறது.

மெமு: நெடுந்தட மின்பிணையல். இதில் 4 பெட்டிக்கு ஒரு மோட்டார் பெட்டி, அதாவது நாலில் ஒன்று. நிறுத்தம் குறைவு என்பதால் அது போதும்.

மும்பையில் 1925 பிப்ரவரி 3 அன்று விக்டோரியா டெர்மினஸ்–குர்லா இடையே ஓடத் தொடங்கியவையும் 1500 வோல்ட் நேர்மின்னோட்ட மின்பிணையல்களே. அங்கே மாறுமின்னோட்டத்துக்கு மாறி முடிக்க 2016 ஆயிற்று. இடைக்காலத்தில் இரு வகைக் கம்பியிலும் ஓடக்கூடிய வண்டிகள் வேண்டியிருந்தன: இருமின்னழுத்த மின்பிணையல். நாக்கில் தடங்கல் இல்லை.

இரண்டு சரக்கு இஞ்சின்களை மாட்டி ஒரே அறையிலிருந்து ஓட்டுவது உண்டல்லவா? அது பிணைத்தோட்டல். ‘பன்னலகு’ இந்த இடத்தில் படுத்துவிடும். அங்கே பெட்டித் தொகுதியே இல்லை, ஓட்டும் முறை மட்டும்தான் இருக்கிறது. பிணையலுக்கு அந்தக் கவலை இல்லை.

வந்தே பாரத்: தனி இஞ்சின் கிடையாது. 16 பெட்டியில் 8 மோட்டார் பெட்டி, பாதிக்குப் பாதி. இலக்கணப்படி அதுவும் மின்பிணையல்தான்.

மறுமொழி 6

(கூட்டியக்கம் என்று முன்மொழிந்தவன் எழுதுகிறேன்.)

பிணைத்தோட்டல் என்னைச் சாய்த்துவிட்டது. கூட்டியக்கத்தைத் திரும்பப் பெறுகிறேன்.

ஒரு சோதனை மட்டும் பாக்கி. கலைச்சொல் நல்ல நாளில் மட்டும் வேலை செய்தால் போதாது, பழுது அறிக்கையிலும் நிற்க வேண்டும். எழுதிப் பார்த்தேன்:

‘12 பெட்டி மின்பிணையலில் மூன்றாம், நான்காம் மோட்டார் பெட்டிகள் இழுக்கவில்லை. இரண்டாம், மூன்றாம் தொகுதிகளுக்கு இடையிலுள்ள ஜம்பரில் (இணைப்பு வடத்தில்) ஒரு கட்டளைக் கம்பி தொடர்பு விட்டிருந்தது. பின்னுள்ள இரண்டு மோட்டார் பெட்டிகளுக்கும் கட்டளை எட்டாததால் வண்டி பாதி இழுவையில் ஓடியது. கிளம்புவதில் ஒவ்வொரு நிலையத்திலும் தாமதம் சேர்ந்தது.’

சரியாக நிற்கிறது. ஒரு மோட்டார் பெட்டி மட்டும் பழுதாகி அதைத் தனிமைப்படுத்தினால் நாலில் மூன்று பங்கு இழுவையில் வண்டி பணிமனைக்குப் போய்விடும். இஞ்சின் வண்டியில் இஞ்சின் படுத்தால் மாற்று இஞ்சின் வரும்வரை தடமே அடைபடும். அடுத்தடுத்து வண்டி வரும் புறநகர்த் தடத்துக்கு இந்த வகையைத் தேர்ந்ததில் இதற்கும் பங்கு உண்டு.

அறிக்கையை எழுதும்போது ஓர் ஓட்டை தெரிந்தது. மேலே ‘தொகுதி’ என்று போட்டிருக்கிறேன். ஒரு மோட்டார் பெட்டியும் அதைச் சார்ந்த மற்றப் பெட்டிகளும் சேர்ந்த அடிப்படைக் கூறு அது. பணிமனையில் ‘யூனிட்’ என்கிறார்கள். ‘ரேக்’ என்ற முழு வண்டியையும் நாம் தொகுதி என்றே எழுதிவருகிறோம். இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

மறுமொழி 7

> இரண்டுக்கும் ஒரே சொல் ஆகாது.

யூனிட் = கண்ணி, ரேக் = கோவை. சங்கிலியின் ஒரு வளையம் கண்ணி. பல கண்ணி சேர்ந்தால் கோவை. ‘3 கண்ணிக் கோவை 4 கண்ணிக் கோவை ஆயிற்று’ என்றால் 9 பெட்டி 12 ஆன கதை முடிந்தது.

ஜம்பர், மோட்டார்மேன், பாண்டோகிராஃப் மூன்றையும் இப்போது தொட வேண்டாம். வேலை செய்பவர் வாயில் நன்றாக ஊறிய சொற்கள், பொருட்குழப்பமும் இல்லை. குழப்பம் இருக்கும் இடத்தில் மட்டும் புதுச்சொல் போடுவோம்.

தொடக்க மடல் எழுதியவரின் பதில்

எல்லாருக்கும் நன்றி. அகரமுதலிக்குப் பதிவு இப்படிப் போகிறது:

*மின்பிணையல்* (பெயர்): தனி இஞ்சின் இல்லாமல், கோவையின் பல இடங்களில் அமைந்த மோட்டார் பெட்டிகள் ஒரே அறையிலிருந்து வரும் கட்டளைக்கு ஒருசேர இழுக்கும் மின்சார வண்டி. எ-டு: கடற்கரை–தாம்பரம் மீட்டர் பாதையில் 1931 முதல் 2004 வரை ஓடியவை, 2025 ஏப்ரலில் அதே தடத்தில் வந்த 12 பெட்டி ஏசி வண்டி. பேச்சு வழக்கு: மின்சார ரயில்.

அந்தக் கடைசி வரியை வேண்டுமென்றே சேர்த்தேன். நிலைய அறிவிப்பிலும் பயணிகளுக்கான பலகையிலும் ‘மின்சார ரயில்’ இருந்தபடியே இருக்கட்டும். அதை மாற்றினால் வண்டியைத் தவறவிடுபவர் அதிகமாவார். வரலாறு, பொறியியல், பழுது அறிக்கை, பாடநூல் இவற்றில் மின்பிணையல்.

‘கண்ணி’ பொறிக்கும் வலைக்கும் வழங்குகிறதே என்று தனி மடலில் ஒருவர் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமைக்குள் வேறு சொல் வந்தால் பார்ப்போம். வராவிட்டால் கண்ணியும் கோவையும் இப்படியே பதிவாகும்.